என்ஜின் ஆயிலின் பாகுநிலை: காருக்கும் காலநிலைக்கும் ஏற்ற கிரேடைத் தேர்ந்தெடுத்தல்

கார் என்ஜினுக்குள் ஓடும் ஆயில், ஒன்றோடொன்று உராயும் உலோகப் பரப்புகளைப் பிரித்து வைப்பதுடன், பிஸ்டனிலிருந்தும் பேரிங்குகளிலிருந்தும் வெப்பத்தை அகற்றுகிறது. கரியையும் கசடையும் தன்னுள் ஏந்திச் சென்று ஃபில்டரில் சேர்க்கிறது. பிஸ்டன் ரிங்குகளுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து அழுத்தம் கசியாமல் காக்கிறது. இந்த வேலைகள் அனைத்தையும் அது எவ்வளவு செம்மையாகச் செய்யும் என்பது முதன்மையாக அதன் பாகுநிலையைப் பொறுத்தது. தமிழ்நாட்டின் பட்டறைகளிலும் ஆயில் கடைகளிலும் ‘நம்ம ஊர் வெயிலுக்குத் திக்கான ஆயில்தான் தாங்கும்’ என்னும் கருத்து நெடுநாளாக வழங்கி வருகிறது. அக்கருத்து எத்தகைய என்ஜினுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை விளக்கி, கார் உரிமையாளர் ஒருவர் தமக்குரிய கிரேடைத் தாமே தெரிந்து கேட்டு வாங்குவதற்கான முறையை இவ்வியல் தருகிறது. ஆயில் டப்பாவில் அச்சிடப்படும் இரண்டு எண்களுள் முதல் எண்ணை ஊரின் குளிரும், இரண்டாம் எண்ணை என்ஜினின் வடிவமைப்பும் முடிவு செய்கின்றன என்பதும், ஊரின் வெயிலுக்கு இத்தேர்வில் உள்ள பங்கு பொதுவாக எண்ணப்படுவதைவிடச் சிறியது என்பதும் இவ்வியலின் அடிப்படை.

பாகுநிலையும் வெப்பநிலையும்

ஒரு திரவம் ஓடும்போது அதன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதை எதிர்க்கும் பண்பே பாகுநிலை. ஆயில் நூல்களில் இது பெரும்பாலும் சென்டிஸ்டோக் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. அறை வெப்பநிலையில் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிஸ்டோக் என்பதை நினைவில் கொண்டால் பிற அளவுகளை ஒப்பிட்டு அறிவது எளிது.

கிராங்க் ஷாஃப்ட் தன் பேரிங்குக்குள் சுழலும்போது, சுழற்சியே ஆயிலை ஆப்பு வடிவில் இடுக்குக்குள் இழுத்து, உலோகம் உலோகத்தைத் தொடாதபடி ஒரு மெல்லிய படலத்தின்மேல் ஷாஃப்டை மிதக்க வைக்கிறது. ஆயில் தேவைக்கு மேல் நீர்த்திருந்தால் இப்படலம் சுமையைத் தாங்காமல் அறுந்து தேய்மானம் உண்டாகும். தேவைக்கு மேல் தடித்திருந்தால் அது பேரிங்குக்குள் போதிய அளவு பாயாது, உராய்வினால் தானே சூடேறும், எரிபொருளையும் வீணாக்கும். எனவே ‘தடிப்பானது பாதுகாப்பானது’ என்று பொதுவாகக் கூறிவிட முடியாது. ஒவ்வொரு என்ஜினுக்கும் அதன் இடைவெளிகளுக்கும் வேகத்துக்கும் சுமைக்கும் ஏற்ற ஒரு பாகுநிலை எல்லை உண்டு.

ஆயிலின் பாகுநிலை வெப்பநிலையோடு பெரிதும் மாறுகிறது. இம்மாற்றம் எவ்வளவு என்பதைக் குறிக்கும் பாகுநிலைக் குறியெண்ணை டீன், டேவிஸ் என்னும் இருவர் 1929இல் வகுத்தனர். குறியெண் உயர்ந்திருந்தால் சூட்டில் நீர்ப்பதும் குளிரில் தடிப்பதும் குறைவு என்று பொருள். பழைய கனிம ஆயில்கள் பெரும்பாலானவற்றில் இக்குறியெண் 100ஐ ஒட்டியிருக்கும். இன்றைய சிந்தெடிக் ஆயில்களில் 150ஐத் தாண்டுவது இயல்பு.

டப்பாவில் உள்ள இரண்டு எண்கள்

அமெரிக்காவின் வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ., 1911இல் முதன்முதலாக ஆயில்களைப் பாகுநிலையின்படி வகைப்படுத்தியது. பலமுறை திருத்தப்பட்டு இன்று ஜே300 என்னும் பெயரில் வழங்கும் அந்தத் தரநிலையே உலகெங்கும் கார் ஆயில் கிரேடுகளுக்கு அடிப்படை. 5டபிள்யூ-30 என்னும் கிரேடில், டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும்; அதற்கு முன்னுள்ள 5, குளிர்ந்த நிலையில் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தையும், பின்னுள்ள 30, என்ஜின் முழுச் சூட்டை அடைந்த பின் ஆயில் நடந்துகொள்ளும் விதத்தையும் காட்டுகின்றன. இவ்வெண்கள் வெப்பநிலை அளவுகள் அல்ல, பாகுநிலை அளவுகளும் அல்ல. குறிப்பிட்ட சோதனைகளில் தேறியதைக் காட்டும் வகுப்புப் பெயர்கள் மட்டுமே.

முதல் எண்ணுக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஸ்டார்ட்டர் மோட்டார் என்ஜினைச் சுழற்ற முடியுமா என்பதை ஒன்று அளக்கிறது. ஆயில் பம்ப் அந்த ஆயிலை உறிஞ்சி மேலே அனுப்ப முடியுமா என்பதை மற்றொன்று அளக்கிறது. சுழற்றும் சோதனை நடைபெறும் வெப்பநிலைகள் பின்வருமாறு:

- 0டபிள்யூ: கழித்தல் 35 டிகிரி செல்சியஸ்
- 5டபிள்யூ: கழித்தல் 30 டிகிரி
- 10டபிள்யூ: கழித்தல் 25 டிகிரி
- 15டபிள்யூ: கழித்தல் 20 டிகிரி
- 20டபிள்யூ: கழித்தல் 15 டிகிரி
- 25டபிள்யூ: கழித்தல் 10 டிகிரி

பம்ப் சோதனை ஒவ்வொரு கிரேடுக்கும் இவற்றைவிட மேலும் 5 டிகிரி குறைவான வெப்பநிலையில் செய்யப்படுகிறது. ஸ்டார்ட் ஆகாத என்ஜின் கெட்டுப்போவதில்லை. ஸ்டார்ட் ஆகியும் ஆயில் மேலே ஏறாத என்ஜின் சில நிமிடங்களில் பேரிங்குகளை இழந்துவிடும். ஆகவே எந்தக் குளிரில் என்ஜின் சுழலுமோ, அதைவிடக் கடுமையான குளிரிலும் ஆயில் பாய்ந்தாக வேண்டும் என்பதே இந்த 5 டிகிரி இடைவெளியின் நோக்கம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள சூ ஃபால்ஸ் நகரில் நேர்ந்தது இதற்குச் சான்று. மெல்ல மெல்லக் குளிர்ந்த ஆயில், தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறைவது போலக் கட்டிபட்டு நின்றுவிட்டதால், ஸ்டார்ட் ஆன என்ஜின்கள் ஆயில் இல்லாமலே ஓடிப் பழுதாயின. அதன் பிறகே, ஆயிலை இரண்டு நாள் அளவுக்கு மெதுவாகக் குளிர்வித்துப் பம்ப் திறனை அளக்கும் சோதனை முறை உருவானது.

இரண்டாம் எண்ணுக்கும் இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று, 100 டிகிரியில் ஆயிலின் பாகுநிலை: 20 கிரேடுக்கு 6.9 முதல் 9.3 வரை, 30 கிரேடுக்கு 9.3 முதல் 12.5 வரை, 40 கிரேடுக்கு 12.5 முதல் 16.3 வரை, 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக் வரை. 16 என்னும் கிரேடு 2013இலும், 12, 8 ஆகிய கிரேடுகள் 2015இலும் தரநிலையில் சேர்க்கப்பட்டன. மற்றொன்று, 150 டிகிரியில், பேரிங்குக்குள் இருப்பதைப் போன்ற கடும் இழுவிசைக்கு உட்படுத்தி அளக்கப்படும் பாகுநிலை. இது மில்லிபாஸ்கல்-விநாடி என்னும் அலகில், 16 கிரேடுக்குக் குறைந்தது 2.3, 20 கிரேடுக்கு 2.6, 30 கிரேடுக்கு 2.9, 0டபிள்யூ-40, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-40 ஆகியவற்றுக்கு 3.5, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 ஆகியவற்றுக்கும் 50 கிரேடுக்கும் 3.7 இருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் முழுச்சுமையோடு ஓடும் என்ஜினின் பேரிங்கைக் காக்கும் படலத்தின் வலிமையை டப்பாவில் உள்ள கிரேடு எண்ணைவிடத் துல்லியமாகக் காட்டுவது இந்த அளவே. இது டப்பாவில் அச்சிடப்படுவதில்லை. ஆயில் நிறுவனங்கள் வெளியிடும் தொழில்நுட்பத் தகவல் தாளில் பெரும்பாலும் கிடைக்கும்.

வெளியே உள்ள சூடும் ஆயிலின் சூடும்

வெயில் குறித்த பொதுக் கருத்தைச் சோதித்துப் பார்க்க, ஒரு சாதாரண 5டபிள்யூ-30 ஆயிலை எடுத்துக்கொள்ளலாம். அதன் பாகுநிலை 40 டிகிரியில் 62 சென்டிஸ்டோக்கும் 100 டிகிரியில் 10.5 சென்டிஸ்டோக்கும் இருப்பதாகக் கொண்டால், சென்னையில் கோடைக்காலக் காலை வேளையில், 30 டிகிரியில், அதே ஆயில் 95 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். என்ஜின் எந்தப் பாகுநிலைக்காக வடிவமைக்கப்பட்டதோ, அதைவிட இது 9 மடங்கு தடிப்பு. அதே காலையில், 40 டிகிரியில் 160ஐயும் 100 டிகிரியில் 18ஐயும் காட்டும் ஒரு 20டபிள்யூ-50 ஆயில் ஏறத்தாழ 275 சென்டிஸ்டோக்கில் நிற்கும். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரி வெப்பத்திலேயே நின்ற காராக இருந்தாலும், ஸ்டார்ட் செய்யும் கணத்தில் அதன் ஆயில், என்ஜினின் இயங்கு வெப்பநிலையில் இருப்பதைவிடப் பல மடங்கு தடித்தே இருந்திருக்கும். அதாவது, எவ்வளவு வெயில் அடித்தாலும் காலையில் என்ஜின் சந்திக்கும் சிக்கல் ஆயில் நீர்த்துப்போவது அன்று. அது இன்னும் போதிய அளவு நீர்க்காததே ஆகும்.

ஓடத் தொடங்கிய பின்னும் ஊரின் வெப்பநிலை நேரடியாக ஆயிலை ஆள்வதில்லை. கூலன்ட்டின் வெப்பநிலையைத் தெர்மோஸ்டாட் என்னும் வால்வு ஒரு குறுகிய எல்லைக்குள் நிறுத்தி வைக்கிறது. பெரும்பாலான கார்களில் அது 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்குகிறது. அதையொட்டி, சம்ப் எனப்படும் அடித்தொட்டியில் உள்ள ஆயிலும் சாதாரண ஓட்டத்தில் 90 முதல் 110 டிகிரிக்குள் நிலைபெறுகிறது. வேலூரில் 42 டிகிரி வெயிலில் ஓடும் காரும், ஊட்டியில் 10 டிகிரிக் குளிரில் ஓடும் காரும், ஒரே வேகத்தில் ஒரே சுமையோடு சற்று நேரம் ஓடிய பின் ஆயில் சூட்டில் காட்டும் வேறுபாடு, அவ்விரு ஊர்களின் 32 டிகிரி வேறுபாட்டைவிடப் பெரிதும் குறைந்திருக்கும்.

இருப்பினும் வெயிலுக்குப் பங்கே இல்லை என்று கூறுவது பிழை. ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு நெரிசலில் ஊர்ந்து செல்வது, ஆள்களும் சாமான்களும் நிறைந்த வண்டியை ஏற்காடு அல்லது கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் கீழ் கியரில் ஏற்றுவது, நான்குவழிச் சாலையில் மணிக்கணக்கில் உயர் வேகத்தில் ஓட்டுவது ஆகியவற்றில் ஆயிலின் சூடு 120 டிகிரியைத் தாண்டக்கூடும். அத்தகைய நேரங்களில் வெளிவெப்பமும் சேர்ந்து கூலிங் அமைப்பின் கையிருப்பைக் குறைக்கிறது. ஆக, கிரேடைத் தேர்வதில் எண்ண வேண்டியது ஊரின் பெயரை மட்டுமன்று; வண்டி அங்கே எப்படி ஓடுகிறது என்பதையும்தான்.

ஊருக்கு ஏற்ற முதல் எண்

தமிழ்நாட்டுச் சமவெளி, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற இடங்களில் ஆண்டின் மிகக் குளிர்ந்த விடியலிலும் வெப்பநிலை பொதுவாக 10 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் என்றால் இங்கே 20டபிள்யூ கூடப் போதும். ஆனாலும் 5டபிள்யூ அல்லது 0டபிள்யூ ஆயில் இங்கே வீணானது என்று முடிவு கட்டலாகாது. முதல் எண் குறையக் குறைய, ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் கேம் ஷாஃப்டையும் டர்போவையும் எட்டும் நேரம் குறைகிறது. மேலும், அந்த எண்ணை எட்டத் தேவையான உயர்ந்த அடிப்படை எண்ணெய்கள், சூட்டில் ஆவியாவதையும் கெட்டிப்படுவதையும் எதிர்ப்பதில் பொதுவாக மேம்பட்டவை. ‘5டபிள்யூ குளிர்நாட்டு ஆயில், நம் ஊரில் தண்ணீராகிவிடும்’ என்பது பிழையான புரிதல். சூட்டில் 5டபிள்யூ-40க்கும் 15டபிள்யூ-40க்கும் 100 டிகிரிப் பாகுநிலை எல்லை ஒன்றே.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியா ஆகிய மலை நகரங்களில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பநிலை உறைநிலையை நெருங்குவதும், ஊட்டியின் பள்ளங்களில் உறைபனி படிவதும் உண்டு. அத்தகைய 5 டிகிரி விடியலில் மேற்சொன்ன 5டபிள்யூ-30 ஆயில் ஏறத்தாழ 385 சென்டிஸ்டோக்கிலும், 20டபிள்யூ-50 ஆயில் ஏறத்தாழ 1,600 சென்டிஸ்டோக்கிலும் இருக்கும் என்பதால், அங்கே நிலையாக ஓடும் வண்டிகளுக்கு 20டபிள்யூ கிரேடைத் தவிர்த்து 10டபிள்யூ அல்லது அதற்குக் குறைந்ததைக் கொள்வது நன்று. குளிர்காலத்தில் கழித்தல் 15 முதல் 20 டிகிரியைக் காணும் லே நகருக்கு வண்டியோடு செல்வோருக்கு 20டபிள்யூ முற்றிலும் பொருந்தாது, 15டபிள்யூவும் தன் எல்லையைத் தொட்டுவிடும், 5டபிள்யூ பாதுகாப்பானது. தமிழர்கள் பெருமளவில் வாழும் டொரொன்டோவில் 5டபிள்யூ, 0டபிள்யூ இரண்டும் பொருந்தும். கழித்தல் 30 டிகிரிக்கும் கீழே இறங்கும் வினிபெக் போன்ற கனடிய நகரங்களில் 0டபிள்யூவே உரியது. அங்கே இரவில் என்ஜினை மின்சாரத்தால் இளஞ்சூடாக வைத்திருக்கும் ஹீட்டரும் வழக்கத்தில் உள்ளது.

என்ஜினுக்கு ஏற்ற இரண்டாம் எண்

அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்ற கார்களின் என்ஜின்கள், பெரிய இடைவெளிகளையும் மெதுவான சுழற்சியையும் கொண்டவை. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆகிய கிரேடுகள் அவற்றுக்குப் பொருந்தின. அந்நாளில் கிடைத்த ஆயில்களும் குறைந்த பாகுநிலைக் குறியெண் உடையனவாகச் சூட்டில் விரைவில் நீர்த்ததால், தொடக்கத்திலேயே தடித்த ஆயிலைக் கேட்டு வாங்குவது அறிவார்ந்த நடைமுறையாகவே இருந்தது. ‘திக்கான ஆயில்’ என்னும் கருத்து அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது. அந்த என்ஜின்களைப் பேணிக் காத்து ஓட்டுவோருக்கு அது இன்றும் செல்லும்.

இன்றைய பெட்ரோல் என்ஜின் வேறு இயல்புடையது. வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆகியவை ஆயில் அழுத்தத்தாலேயே இயங்குகின்றன. ஆயில் பாயும் துளைகளும் நுண்ணியவை. குறிக்கப்பட்டதைவிட இரண்டு படி தடித்த ஆயிலை ஊற்றினால், காலையில் செயின் சத்தம் நீடிப்பதும், வால்வு நேர அமைப்பு தாமதமாக இயங்குவதும், பம்ப்பின் அழுத்த வால்வு திறந்து ஆயிலின் ஒரு பகுதி பேரிங்குகளை எட்டாமலே சம்ப்புக்குத் திரும்புவதும் நேரலாம். ஆயில் மீட்டரில் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டு பாதுகாப்புக் கூடியதாக மகிழ்வது தவறு. அழுத்தம் என்பது பாய்வுக்கு ஏற்படும் தடையின் அளவே அன்றிப் பாய்ந்த ஆயிலின் அளவன்று. ஹோண்டா சிட்டி பெட்ரோலுக்கு 0டபிள்யூ-20, மாருதி சுசுகியின் அண்மைக் கால ‘கே’ வரிசைப் பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றுக்கு 0டபிள்யூ-16 எனக் குறிக்கப்படுவது இந்த வடிவமைப்பின் தொடர்ச்சி.

நீர்த்த கிரேடுகளை நிறுவனங்கள் பரிந்துரைப்பதில் எரிபொருள் சிக்கன விதிகளுக்கும் பங்கு உண்டு என்னும் கூற்றில் உண்மை இருக்கிறது. இந்தியாவில் 2017–18 முதல் கார் நிறுவனங்களின் சராசரி எரிபொருள் செலவுக்கு எல்லை விதிக்கப்பட்டுள்ளது. நீர்த்த ஆயிலால் கிடைக்கும் சிறு சேமிப்பும் அந்தக் கணக்கில் சேரும். ஒரே என்ஜினுக்கு வெவ்வேறு நாட்டுக் கையேடுகளில் வெவ்வேறு கிரேடுகள் தரப்படுவதும் உண்டு. ஆயினும் இதிலிருந்து ‘கையேட்டை நம்ப வேண்டாம்’ என்னும் முடிவு பிறப்பதில்லை. கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளை அனுமதிக்கும் இடத்தில், மலையேற்றமும் முழுச்சுமையும் நீண்ட உயர்வேகமும் வழக்கமாக உள்ள வண்டிக்கு அவற்றுள் தடித்ததையும், ஊருக்குள் அளவாக ஓடும் வண்டிக்கு அவற்றுள் முதலில் கூறப்பட்டதையும் கொள்ளலாம் என்பதே பிறக்கும் முடிவு. ஒரு கிரேடு மட்டுமே தரப்பட்டிருந்தால் அதைவிட்டு விலகாதிருப்பதே முறை. வாரன்ட்டிக் காலத்தில் அது உரிமைப் பாதுகாப்பும் ஆகும்.

டர்போ பெட்ரோல் என்ஜினில் இரண்டு தனிக் கவலைகள் உண்டு. டர்போவின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளை எட்டக்கூடியது. ஆயில் அங்கே கரிந்து படிந்தால் அதன் பாதை அடைபடும். மற்றொன்று, குறைந்த வேகத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஸ்பார்க் பிளக் பொறி விடும் முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும் நிகழ்வு. இது பிஸ்டனையே உடைக்க வல்லது. ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம் சார்ந்த தூய்மிகள் இதைத் தூண்டுவதாகக் கண்டறியப்பட்டதால், அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ. வகுத்து 2020இல் நடைமுறைக்கு வந்த எஸ்.பி. தரத்தில் இதற்கெனத் தனிச் சோதனை சேர்க்கப்பட்டது. எனவே இவ்வகைக் கார்களுக்குக் கிரேடோடு எஸ்.பி. அல்லது அதற்கடுத்து வந்த தரமும் இருப்பது இன்றியமையாதது.

டீசல் கார்களில் 2020 ஏப்ரல் 1க்கு முன்னும் பின்னும் வந்தவற்றைப் பிரித்து நோக்க வேண்டும். அன்று இந்தியாவில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 புகைமாசு விதிகளால், புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி டீசல் கார்களில் இடம்பெற்றது. கரி எரிந்துவிடும், ஆனால் ஆயில் எரிவதால் மிஞ்சும் உலோகச் சாம்பல் எரியாது, அவ்வடிகட்டியில் நிலையாகத் தங்கி அதை மெல்ல அடைக்கும். ஆகையால் இக்கார்களுக்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். ஐரோப்பியத் தரமான ஏ.சி.இ.ஏ.வின் சி2, சி3 வகைகள் சாம்பல் அளவை 0.8 விழுக்காட்டுக்குள் வைக்கின்றன. இவற்றுள் சி3, 150 டிகிரிப் பாகுநிலை 3.5க்குக் குறையாததைக் கோருகிறது. பழைய டீசல் வண்டியில் நன்றாக உழைத்த 15டபிள்யூ-40 லாரி ஆயிலைப் புதிய டீசல் காரில் ஊற்றுவது, பேரிங்கைக் காத்தாலும் விலையுயர்ந்த வடிகட்டியைப் பாழாக்கும்.

வயதான என்ஜினும் ஆயில் குடிக்கும் என்ஜினும்

அதிகத் தொலைவு ஓடிய என்ஜினில் பேரிங் இடைவெளி தேய்ந்து விரிந்தும், ரிங்குகள் தளர்ந்தும் இருப்பதால், ஆயில் விரைவில் குறையலாம். சூடேறிய பின் ஐட்லிங்கில் அழுத்தமும் தாழலாம். இந்நிலையில் இரண்டாம் எண்ணில் ஒரு படி மட்டும் மேலே செல்வது, அதாவது 30க்குப் பதில் 40 கொள்வது, ஏற்கத்தக்கது. இரண்டு படி தாண்டுவது நன்மை தராது. ஆனால் அதற்கு முன், ஆயில் கசிவு, வால்வு ஸ்டெம் சீல் தேய்வு, என்ஜினின் உட்காற்றோட்டத்துக்கான பி.சி.வி. வால்வின் அடைப்பு ஆகியவை உண்டா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்த்துவிடுவது அவசியம். இக்குறைகளைத் தடித்த ஆயில் மறைக்குமே தவிரத் தீர்க்காது.

நாள்தோறும் 2 அல்லது 3 கிலோமீட்டர் மட்டும் ஓடி நிற்கும் வண்டியும் தனிக் கவனத்துக்கு உரியது. கூலன்ட் சூடேறிய பின்னும் ஆயில் முழுச் சூட்டை அடைய மேலும் நேரமாகும் என்பதால், அத்தகைய வண்டியில் எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலந்து ஆவியாகாமல் தங்கி, அதை நீர்க்கச் செய்யும். இதற்கு மருந்து தடித்த கிரேடு அன்று. கையேட்டில் கடின ஓட்டத்துக்கெனத் தரப்பட்டுள்ள குறுகிய இடைவெளியில் ஆயிலை மாற்றுவதும், வாரம் ஒருமுறையாவது வண்டியை நீண்ட தூரம் ஓட்டுவதுமே மருந்து.

வாங்கும் முறையும் பார்க்கும் முறையும்

முதலில், காரின் உரிமையாளர் கையேட்டில் ஆயில் குறித்த பக்கத்தைப் பார்த்து, கிரேடு, தரம், கொள்ளளவு ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். வெப்பநிலைக் கோட்டின்மேல் கிரேடுகளைப் பட்டைகளாகக் காட்டும் படம் இருந்தால், ஊரின் மிகக் குளிர்ந்த, மிக வெப்பமான நாள்கள் இரண்டும் எந்தப் பட்டைக்குள் அடங்குகின்றனவோ அதைக் கொள்ளலாம். இரண்டாவதாக, டப்பாவின் முன்புறத்தில் உள்ள ‘சிந்தெடிக்’ போன்ற விளம்பரச் சொற்களைவிட, பின்புறத்தில் உள்ள வட்ட முத்திரையைப் படிக்க வேண்டும். ஏ.பி.ஐ. முத்திரையின் நடுவில் எஸ்.ஏ.இ. கிரேடும், மேல் வளைவில் தரமும் இருக்கும்; தரத்தின் முதலெழுத்து ‘எஸ்’ ஆனால் பெட்ரோலுக்கும், ‘சி’ ஆனால் டீசலுக்கும் உரியது. மூன்றாவதாக, இருசக்கர வாகனங்களுக்கான 4டி ஆயிலைக் கிரேடு ஒத்திருக்கிறது என்பதற்காகக் காரில் ஊற்றுவதும், கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றுவதும் தவிர்க்க வேண்டியவை. பைக்கின் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி இயங்குவதால், உராய்வைக் குறைக்கும் கார் ஆயில் அதை வழுக்கச் செய்யும்.

நான்காவதாக, ஆயில் அளவைப் பார்க்கும் பழக்கம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்துச் சில நிமிடங்கள் விட்டு, டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, முழுவதும் உள்ளே செலுத்தி, மீண்டும் உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் இரண்டு குறிகளுக்கும் இடையில், மேல் குறியை ஒட்டி நிற்பது நலம், மேல் குறியைத் தாண்டுவது தீது. பெட்ரோல் வாடை வீசினாலோ, அளவு தானாகக் கூடியிருந்தாலோ எரிபொருள் கலந்திருக்கக்கூடும். பால்போல் வெளுத்திருந்தால் கூலன்ட் கலந்திருக்கலாம். கறுத்திருப்பது மட்டும் கேட்டின் அறிகுறியன்று. கரியை ஏந்திக்கொள்வது ஆயிலின் வேலை, டீசல் என்ஜினில் புதிய ஆயிலும் விரைவிலேயே கறுக்கும். டாஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அழுத்தம் வீழ்ந்ததைக் காட்டுவது. அது எரிந்தால் அடுத்த பட்டறை வரை ஓட்டிச் செல்லாமல் அங்கேயே என்ஜினை அணைக்க வேண்டும்.

வழியில் ஆயில் குறைந்து, உரிய கிரேடு கிடைக்காவிட்டால், பக்கத்துக் கிரேடு ஒன்றில் அரை லிட்டர் சேர்ப்பது ஆயில் குறைவாக ஓட்டுவதைவிட எவ்வளவோ மேல். ஒரே தர முத்திரை உடைய கார் ஆயில்கள் ஒன்றோடொன்று கலக்கும். அடுத்த சர்வீஸில் முழுவதையும் மாற்றிக்கொள்ளலாம்.

சிறிய காருக்கு ஒருமுறை வேண்டியது ஏறத்தாழ 3 லிட்டர் ஆயில். என்ஜினைத் திறந்து பேரிங் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சிறிது. எனவே பட்டறையில் வண்டியை விடும்போது ‘நல்ல ஆயிலாகப் போடுங்கள்’ என்று பொதுவாகக் கூறுவதை விடுத்து, கையேட்டில் உள்ள கிரேடையும் தரத்தையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, மூடி திறக்காத டப்பா தம் கண்முன் திறக்கப்படுவதைப் பார்த்து, பில்லில் அதே கிரேடு அச்சாகியிருக்கிறதா என்று சரிபார்த்து, கிலோமீட்டரோடு சர்வீஸ் புத்தகத்தில் பதிந்துகொள்வதை ஒவ்வொரு கார் உரிமையாளரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.